மூன்றாம் வருஷத்துப் படம்

செண்பகராமன் பதினாறு வருஷம் ஒரே பெண்ணைப் படம் எடுத்தார்.

ஒவ்வொரு பங்குனியிலும் மதுரையில் பஸ் ஏறி, தூத்துக்குடிக்குத் தெற்கே இருக்கும் ஓர் உப்பளத்துக்குப் போவார். இரண்டு நாள் தங்குவார். சண்முகக்கனி என்ற பெண் பாத்தியில் இறங்கி உப்பு வாருவதைப் படம் எடுப்பார். ஊர் திரும்பிவிடுவார்.

முதல் தடவை அவர் அங்கே போனது வேறு வேலையாக. அளத்துக்காரர்களுக்கு யாரோ இலவசக் கண் முகாம் நடத்தினார்கள். அதைப் படம் எடுக்க அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். டாக்டர்கள் வந்த வேனிலேயே அவரும் போய் இறங்கினார். முகாமில் எடுத்த படங்கள் எங்கே போயினவோ தெரியாது. இடைவேளையில் டீ குடிக்கப் போனவர், நீளக் கம்பு மாட்டிய பலகையால் உப்பை இழுத்துக் கரையில் சேர்த்துக்கொண்டிருந்த ஒருத்தியை எதேச்சையாக எடுத்தார். அந்த ஒரு படம் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. அடுத்த பங்குனியிலும் போனார். பிறகு போகாமல் இருக்க முடியவில்லை.

வருஷங்கள் போகப் போக அவருடைய படங்கள் மாறின. மாறுவதைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதினார்கள். மாறாத ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு மாறிக்கொண்டே இருக்கும் கலைஞன் என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தை அவர் வெட்டி எடுத்து வைத்திருந்தார்.

பதினாலாவது வருஷத்துப் படத்துக்குப் பெரிய பரிசு கிடைத்தது. அதில் சண்முகக்கனியின் வலது கை மட்டும் இருந்தது. கம்பைப் பற்றிய கை. விரல்கள் பருந்தின் நகம்போல வளைந்திருந்தன. 'உப்பு செதுக்கிய விரல்கள்' என்று அதற்குப் பெயர் வைத்தார். பதினாறு படங்களையும் சேர்த்து அதே பெயரில் ஒரு புத்தகம் போட சென்னையில் ஒரு பதிப்பகம் முன்வந்தது. அட்டையில் அந்தக் கை.

முன்னுரை யாரிடம் கேட்பது என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

செண்பகராமனுக்குப் படம் எடுக்கக் கற்றுக்கொடுத்தவர் ரெஜினா. வயதில் அவரைவிட ஆறு வருஷம் சின்னவர். இன்ஷூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த செண்பகராமன் முப்பத்தொரு வயதில் அவருடைய மாலை வகுப்பில் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். இப்போது செண்பகராமனுக்கு ஐம்பத்து நாலு. டீச்சருக்கு நாற்பத்தெட்டு. வகுப்பெல்லாம் நின்று எவ்வளவோ காலமாகிவிட்டது. ரெஜினா வீட்டு மாடியில் இருட்டறை வைத்துக் கறுப்பு வெள்ளைப் படங்களைக் கையால் பிரிண்ட் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். செண்பகராமனின் முதல் நாலு வருஷத்துப் படங்கள் அந்த இருட்டறையில் பிறந்தவை. பிறகு வந்த கலர்ப் படங்களும், கடைசி வருஷங்களில் எடுத்த கைப் படங்களும் சென்னையில் மெஷினில் போட்டவை.

புத்தகத்துக்கான பதினாறையும் முந்தின வாரமே டீச்சர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அன்று காலை முன்னுரை கேட்கப் போனார்.

"ரெண்டு பக்கம் போதும் டீச்சர். பதினாறு வருஷத்துல என் பாணி எப்படி வளர்ந்திருக்குன்னு."

"எப்படி வளர்ந்திருக்கு?"

"உங்களுக்குத் தெரியாததா?"

"நீங்க சொல்லுங்க. கேட்கிறேன்."

மாடியில் நீள மேஜை. அதன்மேல் பதினாறு படங்களும் வருஷ வரிசையில் ஏற்கெனவே பரப்பியிருந்தன. செண்பகராமன் முதல் படத்துக்கு முன்னால் போய் நின்றார். அவருக்குப் பேசப் பிடித்திருந்தது.

"முதல்ல நான் தள்ளி நின்னேன். ஆள் முழுசா இருக்கும், சுத்தி உப்பும் வானமும். வெளிச்சத்துக்கு எதிரா வச்சு எடுத்தேன். அஞ்சாவது வருஷம் கலருக்கு வந்தேன். விடியற நேரத்துல பாத்தித் தண்ணி செவப்பா இருக்கும், அந்தச் செவப்புக்காகவே மூணு வருஷம் போனேன். எட்டாவதுல நெருங்க ஆரம்பிச்சேன். இடுப்பளவு, அப்புறம் முகம். அப்புறம் முகமும் எதுக்குன்னு தோணிச்சு. கை போதும். ஒரு ஆளோட மொத்தப் பாடும் கையில இருக்கு. பார்த்தீங்கன்னா, வருஷா வருஷம் ஒரு அடி, ஒரு அடி நெருங்கிப் போயிருக்கேன் டீச்சர்."

ரெஜினா தலையசைத்தார். பிறகு அலமாரியிலிருந்து இரண்டு கறுப்புக் காகிதங்களை எடுத்து வந்தார். ஒன்றை முதல் படத்தின் மேல்பாதியில் வைத்தார். இன்னொன்றைக் கீழே வைத்து மேலே தள்ளினார். வானம் மறைந்தது, உப்பு மறைந்தது, முகம் மறைந்தது. நடுவில் ஒரு பட்டை மட்டும் திறந்திருந்தது. அதில் கம்பைப் பிடித்த வலது கை.

பூதக்கண்ணாடியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"கையை மட்டும் பாருங்க."

பார்த்தார். "நல்ல கை."

"விரல்?"

"அஞ்சும் கம்பைச் சுத்திப் பிடிச்சிருக்கு."

ரெஜினா காகிதங்களை எடுத்து ஆறாவது படத்தின்மேல் வைத்தார்.

"இதுல?"

"சுண்டு விரல் பிடிக்கலை. கொஞ்சம் மடங்கின மாதிரி."

எட்டாவது.

"சுண்டு விரலும் மோதிர விரலும். பொறங்கையில ஒரு கொப்புளம். சூடு பட்டிருக்கும்போல."

"முகத்தைப் பாருங்க." கறுப்புக் காகிதத்தைச் சற்றே விலக்கினார்.

சிரித்துக்கொண்டிருந்தாள் சண்முகக்கனி. கையில் அவ்வளவு பெரிய கொப்புளம். உடைந்து, மேலே உப்புத் தண்ணீர் பட்டு நனைந்திருந்தது.

பதினொன்றாவது. நாலு விரல்களும் உள்ளே சுருண்டிருந்தன.

பதினாலாவது, பரிசு வாங்கிய படம். அதற்குக் காகிதம் தேவைப்படவில்லை. கை மட்டும்தானே இருந்தது. செண்பகராமன் பூதக்கண்ணாடியைக் கொண்டுபோனார். சுண்டு விரலில் நகம் இல்லை. நகம் இருக்கும் கணுவே இல்லை. மோதிர விரலும் குட்டையாக முடிந்திருந்தது.

இந்தப் படத்தை அவர் ஆயிரம் தடவை பார்த்திருப்பார். ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருக்கிறார். அதன் பக்கத்தில் நின்று பாராட்டு மாலை வாங்கியிருக்கிறார்.

"டீச்சர்," என்றார்.

"எனக்கும் தெரியலை. எங்க தங்கச்சி வீட்டுக்காரர் தோல் டாக்டர். ஞாயித்துக்கிழமை வந்திருந்தார். வரிசையா காட்டினேன். அஞ்சு நிமிஷம்கூட ஆகலை. தொழுநோய்னு சொன்னார்."

செண்பகராமன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நரம்பைத் தின்னுடுமாம். வலி தெரியாது, சூடு தெரியாது. அடுப்புல கை பட்டாலும் எடுக்கத் தோணாது. அப்படியே புண்ணாகிப் புண்ணாகி விரல் குறைஞ்சுபோகும். ஆரம்பத்துல பார்த்திருந்தா ஒரு வருஷ மாத்திரை. அரசாங்க ஆஸ்பத்திரியிலயே சும்மா கொடுக்கிறாங்க. அதோட முடிஞ்சிருக்கும்னார்."

ரெஜினா எட்டாவது படத்தைத் திருப்பி வைத்தார். பின்பக்கத்தில் செண்பகராமனின் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. கண்காட்சியில் படத்துக்குக் கீழே ஒட்டுவதற்காக அவர் எழுதியது.

'இந்தக் கைக்குச் சூடு தெரியாது.'

அந்த வரியைப் பலர் பாராட்டியிருந்தார்கள். உழைப்பின் உரம் என்று ஒருவர் மேடையிலேயே பேசினார். அதை அவர் கற்பனையாக எழுதவில்லை. சண்முகக்கனி சொன்னதுதான். அன்று வெயில் ஏறிக்கொண்டிருந்தது, கம்பைப் பிடித்தபடி அவள் சொன்னாள்: "இந்தக் கைக்குச் சூடு தெரிய மாட்டேங்கு அண்ணாச்சி." என்ன நல்ல வரி என்று உடனே நோட்டில் குறித்துக்கொண்டார்.

"நீங்க ரெண்டு பேரும் என்ன பேசிக்குவீங்க?" என்று கேட்டார் ரெஜினா.

செண்பகராமன் யோசித்தார். பதினாறு வருஷத்தையும் துழாவினார். கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க. வெளிச்சம் வரட்டும், இருங்க. அசையாதீங்க. பேசாதீங்க, தாடை அசையுது. இவ்வளவுதான் அகப்பட்டது. எல்லாம் அவருடைய குரல்.

"இப்ப அவங்க எப்படி இருக்காங்க?"

"தெரியாது. ரெண்டு வருஷமா நான் போகலை. பரிசு, வெளியூர்னு ஆயிடுச்சு."

ரெஜினா கறுப்புக் காகிதங்களை மடிக்காமல் அப்படியே அலமாரியில் வைத்தார்.

"முன்னுரையை அப்புறம் பார்க்கலாம்," என்றார். "தூத்துக்குடிக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு?"

மறுநாள் காலை பத்து மணிக்கு செண்பகராமன் அளத்தில் நின்றார். பழக்கதோஷத்தில் காமிராப் பையும் தோளில் வந்திருந்தது. புத்தகத்தின் மாதிரிப் பிரதியும் பைக்குள் இருந்தது. சண்முகக்கனி வாரும் பாத்தியில் வேறொருத்தி நின்றாள்.

"கனியா? அவ வேலைக்கு வந்து ரெண்டு வருசம் ஆச்சே," என்றார் மேஸ்திரி. "கை வெளங்காம போச்சு. ஐஸ் பாக்டரிக்குப் பொறத்தால தெரு, கடேசி வீடு."

கடைசி வீட்டு வாசலில் சண்முகக்கனி பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். இடது கையால் தேய்த்தாள். வலது கையில் துணி சுற்றியிருந்தது, அதைப் பாத்திரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். அடையாளம் தெரிய ஒரு நொடிகூட ஆகவில்லை.

"வாங்க அண்ணாச்சி. ரெண்டு பங்குனியா ஆளையே காங்கலையே. மேலுக்குச் சொகமில்லையோன்னு நெனச்சேன்."

உள்ளே கூட்டிப்போய் ஸ்டூல் போட்டாள். டீ கொண்டுவந்தாள். டம்ளரை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினாள். வாங்கும்போது அவர் கை ஒரு கணம் தயங்கியது. தயங்கியது அவருக்கே தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது.

"ஒட்டாது அண்ணாச்சி. மாத்திரை முழுங்கி முடிச்சாச்சு. இனும ஒட்டாதுன்னு நர்சம்மா சொல்லிட்டாக."

அவர் ஒரே மடக்கில் குடித்தார். நாக்கு வெந்தது.

"எப்பத் தெரிஞ்சுது?"

"ரெண்டு வருசம் முன்னால. மூத்தவளுக்குப் பேறுகாலம். ஊசி போட வந்த நர்சம்மாவுக்கு டீ கொடுத்தேன். டம்ளர வாங்காம கையவே பாத்துக்கிட்டு நின்னாக. மறுநாளே கூட்டிட்டுப் போயிட்டாக. நல்ல மனுசி. இப்பம் அவுககூடதான் சுத்துதேன். அளத்துல உள்ள பொம்பளைய கையயெல்லாம் பாக்கேன். வெள்ளையாத் தேமல் இருந்தா ஊக்கால குத்திக் கேப்பேன், தெரியுதான்னு. நாலு பேரப் புடிச்சிருக்கோம்."

"வீட்டுக்காரர்?"

"அவுக அக்கா வீட்டுக்குப் போயிட்டாக." அதைச் சொல்லிவிட்டு டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். "போனவுக போயிட்டாக."

செண்பகராமன் வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்ததைச் சொல்லத் தொடங்கினார். பதினாறு வருஷம் தான் பார்த்ததை. பார்த்தும் பார்க்காததை. ஒரு டாக்டர் பெயரைக்கூடச் சொல்லாமல் போனதை. வார்த்தைகள் ஒழுங்காக வரவில்லை. குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது சண்முகக்கனி அவரைக் குழப்பமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பம் நீங்க டாக்டர் ஆளு இல்லையா?"

"இல்லைம்மா. நான் போட்டோக்காரன்."

"மொத மொத கண் டாக்டர் வேன்லதான வந்தீய?"

"ஆமா. அவங்க படம் எடுக்கக் கூப்பிட்டிருந்தாங்க."

சண்முகக்கனி வலது கைத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நான் அப்படியில்லா நெனச்சிருந்தேன். வேன்ல வந்தவுக, வருசா வருசம் வந்து எடுத்துட்டுப் போறாகளே, டாக்டர்மாருட்டக் காட்டத்தான் எடுக்காகன்னு. கை மடங்க ஆரம்பிச்சப்பம் நாட்டு வைத்தியருட்டப் போனேன், எண்ணெ கொடுத்தாரு. கேக்கல. சரி, அண்ணாச்சி படம் எடுக்காகல்லா, பாத்துச் சொல்லுவாகன்னு இருந்தேன்."

செண்பகராமனுக்கு ஸ்டூல் நழுவுவதுபோல இருந்தது.

"நீங்க எங்கயோ தூரத்துல நின்னு எடுப்பீய. அவ்வளவு தூரத்துல கை எங்கன தெரியும்? அதான் நான் கிட்ட கிட்ட வந்தேன். நீங்க வானத்தப் பாப்பீய, தண்ணியப் பாப்பீய. நான் கைய முன்னால கொண்டாருவேன். அப்பொறம் ஒரு வருசம் நீங்களே, கை மட்டும் போதும்மா அப்படியே வைங்கன்னு சொன்னீய. அன்னைக்கு வீட்டுல வந்து சொன்னேன், இந்த வருசம் கண்டிப்பாத் தகவல் வரும்னு."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா."

"சொல்லத்தான் செஞ்சேன், சூடு தெரியலன்னு. நீங்க நோட்டுல எழுதிக்கிட்டீய. நல்லாக் கேக்கலாம்னு வாயெடுத்தா, பேசாதீய, அசையாதீயம்பீய. டாக்டருக்குப் போற படம்லா, அசைஞ்சாக் கெட்டுப்போயிருமேன்னு மூச்சப் புடிச்சிட்டு நிப்பேன்."

வெளியே ஐஸ் பாக்டரியின் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வெகு நேரமாக ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். அவர் காதில் அப்போதுதான் விழுந்தது. அழுகை வருமென்று நினைத்தார். வரவில்லை. காமிராப் பையின் வாரைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

அதைப் பார்த்த சண்முகக்கனி பேச்சை மாற்றினாள்.

"அந்தப் படமெல்லாம் இருக்கா? நான் ஒண்ணுகூடப் பாத்ததில்ல."

ஒன்றுகூட. பதினாறு வருஷத்தில் ஒரு பிரதியாவது கொண்டுவந்து கொடுக்கத் தோன்றவில்லை. மாதிரிப் புத்தகத்தை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

முதல் பக்கத்தைத் திறந்தவள் நின்றுவிட்டாள். வானத்தைப் பார்க்கவில்லை. தன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வலது கையின் துணியை அவிழ்த்தாள். குறைந்துபோன விரலால் படத்திலிருந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள். ஒன்று, இரண்டு என்று ஐந்து வரைக்கும்.

"நீட்டமா இருந்திருக்குல்லா," என்றாள். "மறந்தே போச்சு."

அடுத்தடுத்த பக்கங்களைப் புரட்டினாள். மூன்றாவது படத்தில் மறுபடி நின்றாள். கண்ணுக்கு அருகில் கொண்டுபோனாள். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல இருக்கணுமே."

"என்னது?"

"மொதல்ல ஒரு திட்டுதான் வந்துச்சு. பொறங்கையில, வெள்ளையா, ஒத்த ரூவா அளவு. மூத்தவ சமைஞ்ச வருசம். நீங்க மூணாவது தடவ வந்தப்பம் அவளுக்குத் தண்ணி ஊத்திட்டுத்தான் ஓடியாந்தேன். அப்பமே இருந்துச்சு. அது உங்களுக்குத் தெரியணும்னே பொறங்கையக் காட்டிக்கிட்டு நின்னேன், நல்லா ஞாபகம் இருக்கு. இதுல இல்லையே."

செண்பகராமன் பார்த்தார். புறங்கை காமிராவைப் பார்த்துத்தான் இருந்தது. தோல் ஒரே கறுப்பாக, வழவழப்பாக இருந்தது.

"எனக்கு இந்தப் படம் திட்டோட வேணும் அண்ணாச்சி. நர்சம்மாட்டச் சொன்னா பெருசாக்கி அளத்துல ஒட்டுவாக. இப்படித்தான் ஆரம்பிக்கும்னு பாத்தா நாலு பொம்பளைய ஆசுபத்திரிக்குப் போவாக. முழுசா மடங்கின கையக் காட்டுனா பயந்து ஓடத்தான் செய்யுதாக. உங்களுட்டதான் இருக்கும், பாருங்க."

அது ஒன்றைத்தான் அவரிடம் கேட்டாள்.

ஊர் திரும்பியதும் செண்பகராமன் பழைய நெகடிவ்களை எடுத்தார். மூன்றாம் வருஷத்துச் சுருள் கிடைத்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நெகடிவில் வெளுப்பு கறுப்பாகவும் கறுப்பு வெளுப்பாகவும் இருக்கும். கண்ணாடிபோலத் தெளிந்த கையின் நடுவே ஒரு கரும்புள்ளி இருந்தது. தூசியோ என்று துடைத்தார். போகவில்லை. அடுத்த பிரேமைப் பார்த்தார். அதிலும் அதே இடத்தில். அதற்கடுத்ததிலும்.

பிரிண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பிரிண்டில் அந்த இடம் சுத்தமாக இருந்தது.

சாப்பிடாமல் கிளம்பி டீச்சர் வீட்டுக்குப் போனார். மாடியேறும்போது நெகடிவ் இருந்த உறை அவர் கையில் வேர்வையில் நனைந்துவிட்டது. அளத்தில் நடந்ததை முழுவதும் சொன்னார். சண்முகக்கனி கிட்ட கிட்ட வந்ததைச் சொல்லும்போது ரெஜினா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இது ஒண்ணு வேணும் டீச்சர்." உறையை நீட்டினார். "எதையும் தொடாம, இருக்கிறது இருக்கிறபடி பிரிண்ட் போடணும்."

ரெஜினா நெகடிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. வாங்கியபடியே எழுந்தார்.

"வாங்க."

இருட்டறையில் சிவப்பு விளக்கு எரிந்தது. நெகடிவைப் பொருத்தி, காகிதத்தை வைத்து, வெளிச்சம் காட்டி அணைத்தார். காகிதத்தை மருந்துத் தட்டில் அமிழ்த்தினார். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். முதலில் கம்பு எழுந்தது. பிறகு சேலை, தோள், கை. கை கறுக்கக் கறுக்க அதன் நடுவே ஓர் இடம் மட்டும் கறுக்க மறுத்தது. மிளகளவு. வெள்ளை.

"முதல்ல போட்ட பிரிண்ட்ல இது இல்லை," என்றார் செண்பகராமன்.

"இல்லை."

"நெகடிவ்ல இருக்கு."

"இருக்கு."

"நடுவுல எங்கே போச்சு?"

ரெஜினா இரண்டு கைகளையும் தூக்கினார். பறவைக் குஞ்சைப் பொத்துவதுபோல விரல்களைக் குவித்தார். குவித்த விரல்களுக்கு நடுவில் சின்னதாக ஓர் ஓட்டை இருந்தது.

"விளக்குக்குக் கீழ இப்படிப் பிடிச்சேன். ஓட்டை வழியா அந்த இடத்துல மட்டும் பத்து செகண்ட் கூடுதல் வெளிச்சம். மத்த தோலோட தோலா கறுத்துப்போச்சு."

செண்பகராமன் அந்தக் கைகளையே பார்த்தார்.

"நான் சொன்னேனா டீச்சர்?"

"இல்லை. நீங்க கவனிக்கவே இல்லை. நானாதான் செஞ்சேன்."

"என்னன்னு தெரிஞ்சா?"

"என்னன்னு யோசிக்கலை. கறுப்புக் கைக்கு நடுவுல வெள்ளையா ஒண்ணு உறுத்திச்சு. படத்தைக் கெடுக்குதுன்னு தோணிச்சு. எடுத்துட்டேன். அன்னிக்கு நீங்க வந்து பார்த்து, எவ்வளவு சுத்தமா வந்திருக்குன்னு சந்தோஷப்பட்டீங்க. எனக்கும் சந்தோஷமா இருந்தது."

தட்டில் மருந்து அசைந்தது. வெள்ளைப் புள்ளி அதோடு சேர்ந்து அசைந்தது.

"எப்ப ஞாபகம் வந்தது?"

"ஞாயித்துக்கிழமை. முதல்ல ஒரு வெள்ளைத் திட்டா ஆரம்பிச்சிருக்கும்னு டாக்டர் சொன்னார். அப்ப."

"அன்னிக்கு மேஜைகிட்ட என்னை நிக்க வச்சீங்களே. அப்பவே இதைச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா என்மேல கோபப்பட்டுட்டு வீட்டுக்குப் போயிருப்பீங்க. அங்கே போயிருக்க மாட்டீங்க."

அது உண்மை என்பது செண்பகராமனுக்குத் தெரிந்தது. இப்போது கோபப்படலாம் என்று பார்த்தார். கோபம் வரவேண்டிய இடத்தில் வேறு ஏதோ நின்றுகொண்டு வழியை அடைத்தது.

"பதினாறு வருஷம் டீச்சர்," என்றார். "கண்ணு நல்லா இருக்கு. காமிரா நல்ல காமிரா. அவங்க கையை எடுத்து முன்னால நீட்டியிருக்காங்க. அப்பவும் பார்க்கலை. எப்படி ஒரு மனுஷன் பார்க்காம இருக்க முடியும்?"

ரெஜினா படத்தை இடுக்கியால் தூக்கினார். மருந்து சொட்டி முடியும்வரை பொறுத்திருந்தார்.

"என்கிட்டதானே படிச்சீங்க," என்றார்.